பொது விஷயமாக வந்தவர்

பழவேற்காட்டில் கயிறு, வலைநூல், தார் என்று தோணிக்காரர்களுக்கு வேண்டியதையெல்லாம் விற்றுக்கொண்டிருந்த அசன் முகைதீன், ஐம்பது வயதுக்கு மேல் திடீரென்று நின்றுகொண்டே வியாபாரம் செய்யத் தொடங்கினார். அதுவரை கடை மெத்தையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தால் தொழுகைக்கும் சாப்பாட்டுக்கும் தவிர எழுந்திருக்காத மனிதர். எதிர்க்கடைக்காரருக்கு வயிறு எரிந்தது. "பாய்க்கு யாவாரம் பிச்சிக்கினு போவுது, குந்தக்கூட நேரமில்லை" என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொன்னார். அசன் முகைதீனுக்கும் எரிந்துகொண்டுதான் இருந்தது. வயிற்றில் அல்ல, அதிலிருந்து இன்னும் கொஞ்சம் தள்ளி.

பள்ளிவாசலில் தொழும்போது குனிவதும் நிமிர்வதும் அவருக்குச் சிரமமாயில்லை. கடைசி இருப்பில் அமரும்போதுதான் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. பக்கத்தில் இருந்தவர்கள் பாய்க்கு இறையச்சம் கூடிவிட்டது என்று மதிப்போடு பார்த்தார்கள். மனிதனுக்கு மரியாதை எந்த வாசல் வழியாக வரும் என்று யாரால் சொல்ல முடியும்?

வீட்டில் மெஹர்னிசாவை ஏமாற்ற முடியவில்லை. புருஷன் நின்றுகொண்டே நாஷ்டா சாப்பிட்டால் ஒருநாள் அவசரம் என்று நம்பலாம். தினமும் அவசரம் என்றால் எந்தப் பெண்டாட்டி நம்புவாள்? அதுவுமில்லாமல் லுங்கியைத் துவைக்கிறவள் அவள்.

"இன்னாங்க இது, செவப்பா?"

"வெத்தலைச் சாறு."

"வெத்தலையை அங்கியா மெல்லுறீங்க?"

அசன் முகைதீன் சுவரைப் பார்த்தார். மெஹர்னிசா லுங்கியைக் கல்லின்மேல் வைத்துவிட்டு அவர் முன்னால் வந்து நின்றாள். "உங்க அண்ணனும் இப்படித்தான் சூடு, வாய்வுன்னு சொல்லிக்கினே இருந்தாரு. பட்டணத்துக்கு இட்டுக்கினு போனப்போ டாக்டரு இன்னா சொன்னாரு? ஞாபகம் கீதா?"

ஞாபகம் இருந்தது. அண்ணன் ஹனீப் யாரிடமும் சொல்லாமல் ஒன்றரை வருஷம் ரத்தம் சிந்திக்கொண்டிருந்துவிட்டு, எலும்பும் தோலுமான பிறகு பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார். "முன்னாடியே வந்திருக்கலாம்" என்று மட்டும் டாக்டர் சொன்னார். அந்த ஒரு வாக்கியத்தோடு அண்ணனைத் திரும்ப அழைத்துக்கொண்டு வந்தவர் அசன் முகைதீன்தான். அதனால் அவருக்கு வெட்கம் எவ்வளவு இருந்ததோ அவ்வளவு பயமும் இருந்தது. மறுநாள் காலை சலவை ஜிப்பா போட்டுக்கொண்டு தாலுகா ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டார்.

எந்த ஊர் ஆஸ்பத்திரி என்று சொன்னால் அந்த ஊர்க்காரர்கள் என்னோடு சண்டைக்கு வருவார்கள். ரயில் நிற்கிற ஊர் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். நயா பைசா வந்த வருஷம் அது. பஸ்ஸில் இடம் காலியாக இருந்தும் பாய் நின்றுகொண்டே வந்ததைப் பார்த்த கண்டக்டர், நயா பைசாச் சில்லறைத் தகராறில் கோபித்துக்கொண்டார் போலிருக்கிறது என்று ஊர் வரும்வரை சமாதானம் சொல்லிக்கொண்டே வந்தான்.

அந்த ஆஸ்பத்திரியில் ஒரு முறை இருந்தது. வராந்தாவின் இந்தக் கோடியில் சேவகர் துளசிராமன் நிற்பார். அந்தக் கோடியில் டாக்டர் இருப்பார். நடுவில் நோயாளிகள் வரிசை. ஒவ்வொருவரும் துளசிராமன் காதில் தன் சீக்கைச் சொல்ல வேண்டும். துளசிராமன் அதை டாக்டருக்குக் கூவுவார். எப்போதோ ஒரு காலத்தில் அங்கே காது கேட்காத டாக்டர் ஒருவர் இருந்தார். அவரை மாற்றிவிட்டார்கள். கூவலை மாற்ற உத்தரவு வரவில்லை. துளசிராமனோ வாலிபத்தில் தெருக்கூத்தில் கட்டியக்காரன் வேஷம் கட்டியவர். சர்க்காரே சம்பளம் கொடுத்துக் கூவச் சொன்னால் விடுவாரா? கரும்பு தின்னக் கூலியா?

"இருமல்! சளியோடு!" என்றார் துளசிராமன். வரிசை நகர்ந்தது. "சொறி! தொடை இடுக்கு!" வரிசையில் இருந்த இளவட்டம் தலையைக் குனிந்துகொண்டு போனான். அடுத்தவள் மீஞ்சூர்ச் சந்தையில் கருவாடு விற்கிற கன்னியம்மா. வாய்க்குப் பூட்டே இல்லாத பொம்பளை. அவளே துளசிராமன் காதருகில் கொஞ்சம் தயங்கினாள். "மூட்டுவலி!" என்று கூவல் கேட்டது.

அசன் முகைதீன் திரும்பிப் பார்த்தார். பின்னால் பாதி வரிசை அவருடைய வாடிக்கைக்காரர்கள். இவர்கள் ஒவ்வொருவர் தலைக்கும் மேலே தன் சீக்கு பறந்துபோவதை நினைத்துப் பார்த்தார்.

"இன்னா சீக்கு பாய்?" என்றார் துளசிராமன், மூச்சை இழுத்துத் தயாராக வைத்துக்கொண்டு.

"தனியா சொல்றேனே."

"தனிச்சீக்கெல்லாம் இங்க பார்க்கிறது இல்லை பாய். இது சர்க்கார் ஆஸ்பத்திரி."

அசன் முகைதீனுக்கு வியர்த்தது. வாய்க்கு வந்ததைச் சொன்னார். "சீக்கு ஒண்ணுமில்லைப்பா. ஒரு பொது விஷயமா டாக்டரைப் பார்க்கணும்."

துளசிராமன் ஒரு கணம் திகைத்தார். அத்தனை வருஷத்தில் அப்படி ஒரு சீக்கு வந்ததில்லை. ஆனாலும் தொழில் தெரிந்த மனிதர். "பொது விஷயம்!" என்று கூவினார்.

மறுகோடியில் டாக்டர் பூவராகவன் ஸ்டெதாஸ்கோப்பைப் போட்டுவிட்டு எழுந்து ஓடி வந்தார். நல்ல மனிதர், கைராசிக்காரர். காலராவைக் கண்டு பயந்தவரில்லை. பொதுமக்களில் பெரிய மனிதர் யாராவது வெள்ளைச் சட்டையோடு வந்தால் மட்டும் தன்னைத் தண்ணியில்லாக் காட்டுக்கு மாற்றப்போகிறார்கள் என்று நடுங்குவார்.

"வாங்க, வாங்க, உட்காருங்க!"

"இல்லைங்க, நான் நிக்கறேன்."

நிற்கிறவன் கோபமாக வந்திருக்கிறான் என்று அர்த்தம். டாக்டர் இன்னும் நடுங்கினார். "மருந்து தட்டுப்பாடு எங்க குற்றம் இல்லைங்க. வாங்க, எல்லாத்தையும் உங்க கண்ணாலேயே பாருங்க" என்று பாயைக் கையோடு அழைத்துக்கொண்டு போய்ச் சுற்றிக் காட்டினார். பாய் வாயைத் திறந்தபோதெல்லாம் டாக்டர் முந்திக்கொண்டு ஒரு சமாதானம் சொன்னார். கடைசியில் ஒரு சின்ன அறைக்கு முன்னால் வந்து நின்றார்கள். வாசலில் குறுக்கே சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தது. ரிப்பன்மேல் தூசி.

"தனிப் பரிசோதனை அறை. பயில்வான் மாதிரி மேசை, விளக்கு, எல்லாம் இருக்கு. கட்டி எட்டு மாசமாச்சு. ஆலோசனைக் குழுத் தலைவர் தணிகாசலம் ஐயா வந்து ரிப்பன் வெட்டணும். அவருக்கு நேரம் கிடைக்கலை."

அசன் முகைதீன் ரிப்பனுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். மேசை நீளமாக, மெத்தென்று இருந்தது. அதில் ஒருக்களித்துப் படுத்து விஷயத்தைச் சொல்லிவிட்டால் எவ்வளவு நிம்மதி என்று ஏங்கினார். கதவும் இருந்தது, தாழ்ப்பாளும் இருந்தது.

"டாக்டர், எனக்கு..."

"புரியுதுங்க. உங்களை மாதிரி பொதுநல அக்கறை உள்ளவங்க ஆலோசனைக் குழுவில இல்லாததுதான் குறை. ஒரு இடம் காலியாத்தான் இருக்கு. இன்னைக்கே எழுதிடறேன்."

வைத்தியம் பார்க்கப் போன மனிதர் ஆஸ்பத்திரி ஆலோசனைக் குழு உறுப்பினராகத் திரும்பி வந்தார். பிள்ளையார் பிடிக்கக் குரங்கானால்கூட ஒரு குரங்காவது மிஞ்சும். "டாக்டரு இன்னா சொன்னாரு?" என்று மெஹர்னிசா கேட்டாள். "அடுத்த வாரம் வரச் சொல்லியிருக்காரு" என்றார் இவர். பொய்யும் இல்லை.

ஆலோசனைக் குழுவின் செயலாளர் குப்புராஜ், மீஞ்சூர்ப் பக்கம் நிறைய நஞ்சை நிலம் உள்ளவர். வாழ்நாளில் ஒருமுறைகூட அந்த ஆஸ்பத்திரிக்கு நோயாளியாக வந்ததில்லை. தலைவலி என்றாலும் பட்டணம்தான் போவார். ஆஸ்பத்திரியைப் பற்றிப் பாரபட்சமில்லாமல் யோசிக்க அவரை விட்டால் ஆள் கிடையாது என்று எல்லோருக்கும் பட்டது. தலைவர் தணிகாசலம் ஐயா, கும்மிடிப்பூண்டிப் பக்கத்துக்காரர், ஜில்லா போர்டு அங்கத்தினர். அவரைப் பற்றிக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும்.

தணிகாசலம் ஐயா உட்காரமாட்டார். "நாட்டில் ஒரு ஏழை நிற்கும்வரை நான் உட்காரமாட்டேன்" என்று எப்போதோ ஒரு மேடையில் சபதம் செய்தவர், அன்று முதல் உட்கார்ந்து ஒருவரும் பார்த்ததில்லை. திருவள்ளூரில் பெருமாள் கிடந்த கோலம், நம் தாலுகாவில் தணிகாசலம் நின்ற கோலம் என்று ஜனங்கள் சொல்வார்கள். நின்ற கோலத் தியாகி என்றே அவருக்குப் பட்டம். அவர் ஒருவர் நிற்பதால் ஏழைகள் யாரும் உட்கார்ந்துவிடவில்லை என்பதை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

அடுத்த வாரக் கூட்டத்தில் ஒரே பொருள்தான். நோயாளிகள் வெறுந்தரையில் காத்திருக்கிறார்கள், பெஞ்சு வேண்டும் என்று மனு வந்திருந்தது. குப்புராஜ் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"பெஞ்சுங்கிறது சாதாரண விஷயம் இல்லை. நிதானமா குந்தி யோசிக்க வேண்டிய விஷயம். நாம குந்துற நாற்காலிங்க ஆடுது. ஆடற நாற்காலியில குந்திக்கினு ஆடாத பெஞ்சைப் பத்தி எப்படி யோசிக்கிறது? அதனால மொதல்ல நமக்கு நாற்காலி. தேக்குல."

கை வைத்த நாற்காலியா, கை இல்லாத நாற்காலியா என்பதில் விவாதம் மும்முரமாக நடந்தது. அசன் முகைதீன் மட்டும் நின்றுகொண்டிருந்தார். ஜன்னலோரம் நின்றுகொண்டிருந்த தணிகாசலம் அவரையே கவனித்துக்கொண்டிருந்துவிட்டு, மெல்ல அருகே வந்தார்.

"பாய், நீங்களுமா? எப்போலேர்ந்து?"

"மூணு மாசமாச்சுங்க."

"எனக்கு இருவது வருசம்" என்றார் தணிகாசலம். அவர் கண் கலங்கியிருந்தது. பாயின் தோளை இறுகப் பற்றிக்கொண்டார். "மொதல்ல கஷ்டமாத்தான் இருக்கும். பழகிடும்."

இதைப் பார்த்த குப்புராஜ் நெகிழ்ந்துபோனார். நின்ற கோலத்துக்கு ஒரு சீடர் கிடைத்துவிட்டார் என்று குழு கைதட்டியது. பாய் ஏதோ சொல்ல வாயெடுத்தார். கைதட்டலில் அது முங்கிப்போனது.

அந்த நேரம் பார்த்துத்தான் பட்டணத்திலிருந்து சுகாதார வார உத்தரவு வந்தது. திங்கட்கிழமை கண், செவ்வாய்க்கிழமை பல், இப்படியே போய்ச் சனிக்கிழமை மூலம் முதலான ஆசனவாய் நோய்கள். நாளுக்கொரு பொதுக்கூட்டம். சனிக்கிழமைக்கு வந்ததும் குப்புராஜ் உத்தரவைக் கீழே போட்டுவிட்டார்.

"பொம்பளைங்க வர்ற கூட்டம்யா! இந்த வார்த்தையை நோட்டீஸ்ல போட்டா அச்சாபீஸ்காரன் இன்னா நெனைப்பான்?"

"அது உடம்புல இருக்கிற ஒரு உறுப்புதானுங்களே" என்றார் டாக்டர் பூவராகவன் தயங்கித் தயங்கி.

"ஒங்க உடம்புல இருக்கலாம். நோட்டீஸ்ல இருக்கக் கூடாது."

'கீழ்ப்பகுதி' என்று போடலாமா என்று பார்த்தார்கள். கீழ்மட்டத்து மக்கள் மனம் புண்படும் என்று தள்ளிவிட்டார்கள். 'ஓர் இடம்' என்றால் எந்த இடம் என்று கேட்பார்கள். மாலை வரை மூளையைக் கசக்கி, கடைசியில் 'எல்லை காப்போம்' என்று முடிவாயிற்று. கூட்டத்துக்குத் தலைமை தாங்க, பட்டணத்து உத்தரவுப்படி, இந்த நோயோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத ஒரு பொது மனிதர் வேண்டும். ஏகமனதாக அசன் முகைதீனைத் தேர்ந்தெடுத்தார்கள்.

சனிக்கிழமை சாயங்காலம் டூரிங் கொட்டகையில் கூட்டம். பள்ளிப்பட்டிலிருந்து ஒரு லாரி நிறைய ஆட்கள் கொடியோடு வந்து இறங்கினார்கள். நோட்டீஸைப் பார்த்து ஆந்திர எல்லைப் போராட்டம் என்று நம்பி, இரண்டு வேளைக்குக் கட்டுச்சோறும் கொண்டு வந்திருந்தார்கள். "நைனா, ஜெயில் எந்தப் பக்கம்?" என்று ஒருவர் துளசிராமனிடம் விசாரித்தார்.

மேடையில் ஒரு நாற்காலி போட்டிருந்தது. நாற்காலி என்று சொல்லக்கூடாது, சிம்மாசனம். ஜமீன் வீட்டில் இரவல் வாங்கியது. கைப்பிடியில் சிங்க முகம், முதுகில் மயில், உட்காருகிற பலகையில் புடைப்பாக ஒரு தாமரை. செதுக்கியவன் இதழுக்கு இதழ் நுனியைக் கூர்மையாக விட்டிருந்தான். அசன் முகைதீன் அந்தத் தாமரையைப் பார்த்தார். ஓர் அடி பின்வாங்கினார்.

"நான் நின்னுக்கினே தலைமை தாங்கறேனே."

"தலைவர்தான் நிக்கலாம் பாய்" என்றார் குப்புராஜ். "தலைமை தாங்கறவரு குந்தணும். நீங்க குந்தாம நாங்க எப்படி வரவேற்கிறது?" சொல்லிக்கொண்டே ஆளுயர மாலையை அவர் கழுத்தில் போட்டார். மாலையின் கனமும் குப்புராஜின் கையும் சேர்ந்து அவரைத் தாமரைமேல் இறக்கிவிட்டன.

அசன் முகைதீனுக்கு உலகம் ஒரு கணம் வெள்ளையாகத் தெரிந்தது. கூட்டம் கைதட்டியது.

வரவேற்புரை குப்புராஜ். "இந்த வியாதியைப் பத்திப் பேசச் சொல்லி பட்டணத்துல இருந்து உத்தரவு போட்டிருக்காங்க. நான் பெருமையோட சொல்றேன். போன வருசம் நம்ம ஆஸ்பத்திரிக்கு இந்தச் சீக்கோட ஒருத்தர்கூட வரலை. அதுக்கு மொத வருசமும் வரலை. துளசிராமனைக் கேளுங்க, ஒரு தபாகூட கூவினது இல்லை. ஆகவே நம்ம தாலுகாவுல இது அடியோட ஒழிஞ்சுபோச்சு. இதுக்குக் காரணம் ஆலோசனைக் குழுதான்."

அடுத்து டாக்டர் பூவராகவன் விளக்கவுரை. கெட்ட வார்த்தை எதுவும் வரக்கூடாது என்று குழு அவருடைய உரையை முந்தின நாளே திருத்திக் கொடுத்திருந்தது. "அதில் வலி ஏற்பட்டால் அதை அலட்சியம் செய்யக்கூடாது. அதிலிருந்து அது வந்தால், அது எதனால் வருகிறது என்பதை அதைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்" என்று வியர்த்து வழியப் படித்தார். பள்ளிப்பட்டுக்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

பிறகு நின்ற கோலத் தியாகி. "இருபது ஆண்டுகளாக நான் உட்காரவில்லை! ரயிலில் முதல் வகுப்பில் போனாலும் நின்றுகொண்டுதான் போகிறேன். நோயாளிகளுக்குப் பெஞ்சு வேண்டும் என்று மனு கொடுத்திருக்கிறார்கள். நான் கேட்கிறேன், ஏழைக்கும் எனக்கும் பொதுவாக இருப்பது இந்த நிற்பது ஒன்றுதான். பெஞ்சு போட்டு எங்களைப் பிரித்துவிடலாமா?" கொட்டகை அதிர்ந்தது. தரையில் உட்கார்ந்திருந்த ஏழைகளும் கைதட்டினார்கள். அவர் பேச்சு நீண்டுகொண்டே போனது. பேச்சு முடிந்தால் உட்காரச் சொல்லிவிடுவார்களோ என்று அவர் எப்போதும் நீட்டித்தான் பேசுவார்.

தாமரைமேல் இருந்த அசன் முகைதீனுக்கு வலியைவிட இன்னொன்று பெரிதாக இருந்தது. ஈரம். ஜிப்பாவுக்கு அடியில் வேட்டி நனைந்துகொண்டிருந்தது. வெற்றிலைச் சாறு இல்லை என்று அவருக்குத் தெரியும். கைப்புண்ணுக்குக் கண்ணாடி வேண்டாம் என்பார்கள், சரி. இந்தப் புண்ணைப் பார்க்க ஒரு டாக்டர் வேண்டுமே! அந்த டாக்டர் இதோ முழங்கை இடிக்கிற தூரத்தில் உட்கார்ந்து சோடா குடித்துக்கொண்டிருக்கிறார். நடுவில் ஆளுயர மாலை. அண்ணன் ஹனீபின் முகம் நினைவுக்கு வந்தது. "முன்னாடியே வந்திருக்கலாம்." முன்னாடியே வந்தாயிற்றே, மேடை வரைக்கும் வந்தாயிற்றே, இன்னும் எவ்வளவு முன்னால் வருவது என்று பாய்க்கு அழுகை வந்தது. அழுகைக்குப் பின்னாலேயே கோபம் வந்தது.

"இப்போது கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் பாயின் முடிவுரை" என்றார் குப்புராஜ்.

அசன் முகைதீன் எழுந்தார். மாலையைக் கழற்றி அந்தச் சிங்க முகத்தில் மாட்டினார். ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டார். "பிஸ்மில்லாஹ்" என்று சொன்னவர் கூட்டத்தைப் பார்க்காமல் டாக்டரைப் பார்த்தார்.

"டாக்டர் ஐயா, எனக்கு ஆசனவாய்ல ரத்தம் போவுது. மூணு மாசமா. குந்த முடியலை. அன்னைக்கு இதைச் சொல்லத்தான் வந்தேன். வெக்கப்பட்டு பொது விஷயம்னுட்டேன். எங்க அண்ணன் இதே வெக்கத்துல செத்துப்போயிட்டாரு. எனக்குச் சாவ பயமா கீது. இன்னா செய்யணும் சொல்லுங்க."

ஒலிபெருக்கி நல்ல ஒலிபெருக்கி. ரயில்வே கேட் வரைக்கும் கேட்டது. கொட்டகையில் மூச்சு விடுகிற சத்தம் இல்லை. குப்புராஜ் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டார்.

பொம்பளைகள் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது. "எனக்கும் போவுது பாய்!" கன்னியம்மா எழுந்து நின்றுகொண்டிருந்தாள். "மூட்டுவலின்னு சொல்லிக்கினு மூணு தபா வந்தேன். முட்டிக்குத் தடவ தைலம் குட்த்தானுங்க. உனக்காவது குந்த சிம்மாசனம் குட்த்தாங்க பாய்!"

யாரோ சிரித்தார்கள். சிரிப்பு பரவியது. அது கேலிச் சிரிப்பு இல்லை, மூச்சு முட்டியிருந்தவர்கள் மூச்சு விடுகிற சிரிப்பு. கொட்டகையில் இடம் இருந்தும் தட்டியோரம் நின்றுகொண்டிருந்த ஆம்பிளைகளில் ஒருவர் கையைத் தூக்கினார். பக்கத்தில் இருந்தவரும் தூக்கினார். பள்ளிப்பட்டு லாரியிலிருந்தே நாலைந்து பேர், கொடிக் கம்போடு சேர்த்துத் தூக்கினார்கள். அத்தனை தூரம் லாரியில் வந்தவர்களுக்கு இதைவிட வேறு எந்தப் போராட்டம் பொருந்தும்?

அப்போதுதான் டாக்டர் பூவராகவன், வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து எங்கேயோ தொலைத்துவிட்ட தைரியத்தைக் கண்டெடுத்தார். குழு திருத்திக் கொடுத்த உரையைச் சோடா பாட்டிலுக்கு அடியில் வைத்துவிட்டு எழுந்து வந்தார்.

"ரத்தம் நல்ல சிவப்பா, கறுப்பா?"

"செவப்புங்க."

"சொட்டுச் சொட்டா விழுதா, மலத்தோட கலந்து வருதா?"

"டாக்டர்! மேடை!" என்று கத்தினார் குப்புராஜ்.

"மேடை கிடக்கட்டும்யா" என்றார் டாக்டர். "பாய், பசி எப்படி? உடம்பு இளைச்சிருக்கா? வழக்கமா போறது மாறியிருக்கா?"

பாய் பதில் சொல்லச் சொல்ல, கொட்டகை முழுவதும் உதட்டை அசைத்துத் தன் தன் பதிலைச் சொல்லிப் பார்த்துக்கொண்டது. டாக்டர் கூட்டத்தின் பக்கம் திரும்பினார். "பெரும்பாலும் இது மூலமாத்தான் இருக்கும், இல்லேன்னா ஒரு வெடிப்பு. கீரையும் தண்ணியும், வெந்நீர்ல உட்கார்றதும், கொஞ்சம் மருந்துமாப் போயிடும். ஆனா ஒருத்தர் ரெண்டு பேருக்கு வேற பெரிய சீக்கா இருக்கும். அது யாருன்னு உங்க மூஞ்சியைப் பார்த்து எனக்குத் தெரியாது. பார்க்க வேண்டிய இடத்தைப் பார்த்தாத்தான் தெரியும். ரத்தம் வந்தா வாங்க. மாசக்கணக்கா வழக்கம் மாறினா வாங்க. வெத்தலைச் சாறுன்னு சொல்லிக்கிட்டு வீட்ல இருக்காதீங்க."

வெற்றிலைச் சாறு டாக்டருக்கு எப்படித் தெரியும் என்று அசன் முகைதீன் வாயைப் பிளந்தார். தாலுகா முழுவதும் பெண்டாட்டிகளுக்கு அதே பதில்தான் கிடைத்துக்கொண்டிருந்தது என்று அவருக்குத் தெரியாது.

குப்புராஜ் நன்றியுரை சொல்லிப் பார்த்தார், நாதஸ்வரக்காரரை ஊதச் சொல்லிப் பார்த்தார். ஒன்றும் எடுபடவில்லை. தணிகாசலம் ஐயா மட்டும் திரைச்சீலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

மறுநாளே குழு கூடி அசன் முகைதீனை நீக்கியது. பொதுக்கூட்டத்தில் சொந்த விஷயம் பேசியது குற்றம். தேக்கு நாற்காலிகள் வந்திருந்ததால் முடிவெடுக்க வசதியாக இருந்தது.

திங்கட்கிழமை வராந்தாவில் திருவிழாக் கூட்டம். டாக்டர் பூவராகவன், தையல் பிரிக்கிற கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு நேரே அந்தச் சின்ன அறைக்குப் போய், ரிப்பனை ஒரே வெட்டாக வெட்டினார். ஜன்னலுக்குத் திரை இல்லை என்று, சனிக்கிழமைக் கூட்டத்து வரவேற்புத் துணியையே கட்டிவிட்டார்கள். 'வருக! வருக!' என்று அது வராந்தாவைப் பார்த்து அழைத்துக்கொண்டிருந்தது. துளசிராமன் கூவலாமா கூடாதா என்று புரியாமல் தவித்தார். "இனிமே பேரை மட்டும் கூவு. சீக்கை நான் கேட்டுக்கறேன்" என்றார் டாக்டர். அன்றைக்கு மாதிரி துளசிராமன் முகம் வாடி யாரும் பார்த்ததில்லை.

வரிசை முடிந்து வந்தபோது பகல் சாப்பாட்டு வேளை. கடைசியாக அசன் முகைதீன் உள்ளே போனார். ஒருக்களித்துப் படுத்தார், முழங்காலை மடக்கினார், கண்ணை மூடிக்கொண்டார்.

"ஆச்சு, எழுந்திருங்க" என்றார் டாக்டர்.

"ஆச்சா?" பாயால் நம்ப முடியவில்லை. மேடையில் மாலை போட்ட நேரம்கூட ஆகவில்லை. இதற்காகவா மூன்று மாதம்?

"மூலம்தான் பாய். முத்தியிருக்கு, ஆனா சரியாகும். பயப்பட ஒண்ணுமில்லை." டாக்டர் கையைக் கழுவிக்கொண்டே, திரும்பாமல் கேட்டார். "உங்க அண்ணன் தவறிப்போனது எந்த வருஷம்?"

அசன் முகைதீன் சொன்னார். பாய் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, தனக்காகக் கொஞ்சமும் அண்ணனுக்காக நிறையவும் அழுதார்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தபோது வராந்தா காலியாக இருந்தது. கோடியில் துளசிராமன் முன்னால் ஒரு குடை நின்றது. வெயிலே இல்லாத வராந்தாவில், முகம் மறைகிறவரை தாழ்த்திப் பிடித்த குடை. அதற்கு அடியிலிருந்து ஒரு குரல் வந்தது, மேடைகளில் முழங்கிய குரல்தான், இப்போது இரண்டு முழம் தூரத்துக்குமேல் கேட்காமல்.

"ஒரு பொது விஷயமா டாக்டரைப் பார்க்கணும்."

துளசிராமனுக்குப் பழைய களை திரும்பியது. இது சீக்கு இல்லை, கூவலாம். மூச்சை இழுத்தார். அசன் முகைதீன் ஓடிப்போய் அவர் வாயைப் பொத்தினார்.

"கூவாதப்பா. இவரும் என் கட்சி." பிறகு குடைக்குள் குனிந்தார். "வாங்க ஐயா. நானும் இதே பொது விஷயமாத்தான் வந்தேன்."

தணிகாசலம் அவரைப் பார்த்தார். இருபது வருஷ நிற்றல் அந்தக் கண்ணில் இருந்தது. "வலிக்குமா பாய்?" என்று கேட்டார்.

"தாமரை அளவுக்கு வலிக்காது" என்றார் அசன் முகைதீன். கையைப் பிடித்து அழைத்துப்போய், அவரே திறந்துவைத்திருக்க வேண்டிய அறையின் கதவைத் திறந்து உள்ளே விட்டார்.

"வாங்க ஐயா, உட்காருங்க" என்ற டாக்டரின் குரல் கேட்டது. "இல்லை டாக்டர், என்னால..." என்று இன்னொரு குரல் தடுமாறியது. "சரி, அப்போ ஒருக்களிச்சுப் படுங்க."

கதவுத் தாழ்ப்பாள் விழுந்தது. வருக வருக என்ற துணிக்கு அந்தப்பக்கம், நம் தாலுகாவின் நின்ற கோலம் திருவள்ளூர்ப் பெருமாள் வழிக்கு வந்து, கிடந்த கோலமாயிற்று. அசன் முகைதீன் வெளியே அந்தக் குடையைப் பிடித்துக்கொண்டு காவல் நின்றார்.